உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை எப்பவும் ஆடு வளர்ப்பு, கறவை மாட்டுக் கடன், மடிநோய் இதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுவார்கள். இந்த வருசம் தலைவி அம்மா போன் போட்டு, "நாயைப் பத்திப் பேசுங்கக்கா" என்றார். "நாய் வாங்க யாரும் கடன் கேக்கலியே தாயி" என்றேன். "கடன் வசூலுக்குப் போறவங்களைத்தானே அக்கா கடிக்குது" என்றார். வாஸ்தவம்தான். தவணைக்கு, கணக்கெடுப்புக்கு, கூட்டத்துக்குக் கூப்பிட என்று ஒரு ஊரில் அதிகமாக வாசப்படி ஏறுவது தபால்காரருக்கு அடுத்து நம்ம ஊக்குநரும் பிரதிநிதியும்தான்.

நாம் இருக்கிற இடத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் ராஜபாளையம், ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், அதை ஒட்டி மலைமேல் சீனிவாசப் பெருமாள் இருக்கிற நம்ம திருவண்ணாமலை. (வெளியூர்க்காரங்களிடம் ஊர்ப்பேரைச் சொன்னால் கார்த்திகை தீபம் எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். விளக்கம் சொல்லியே எனக்கு வாய் வலித்துப் போனது.) ராஜபாளையம் என்ற பேரை வடக்கே இருக்கிறவர்கள் தெரிந்துகொண்டதே பாதி நாயால்தான். 2005 ஜனவரி 9 அன்று தபால் துறை நம் நாட்டு நாய்களுக்காக நாலு தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று நம்ம ராஜபாளையம் நாய். மற்ற மூன்று முதோல், ராம்பூர், இமயமலை நாய்கள். சிப்பிப்பாறை நாய்க்குப் பேர் கொடுத்த ஊரும் நம்ம மாவட்டம்தான். 

இத்தனை இருந்தும், வாசலில் நிற்கிற நாய் என்ன சொல்கிறது என்று கேட்டால் நமக்குத் தெரிவதில்லை. குரைச்சா கோபம், வாலாட்டினா சந்தோசம், அவ்வளவுதான் படித்திருக்கிறோம். இரண்டுமே அரைகுறைப் பாடம்.

முதலில் வாலைப் பார்ப்போம். இடுப்போடு சேர்ந்து உடம்பே ஆடுகிற மாதிரி தொளதொளவென்று ஆட்டினால் அது பிரியம். ஆனால் வால் கம்பி மாதிரி விறைத்து, மேலே தூக்கி, நுனி மட்டும் டக்டக்கென்று ஆடினால் அந்த நாய் முறுக்கேறி நிற்கிறது என்று அர்த்தம். "வாலாட்டுச்சு, அதான் போனேன், கடிச்சிருச்சு" என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எப்படி ஆட்டியது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. வாலைக் காலுக்கு நடுவில் சொருகியிருந்தால் பயம். பயந்த நாய் கடிக்காது என்று நினைக்காதீர்கள். ஓட வழி இல்லாத மூலையில் நிற்கிற பயந்த நாய்தான் சீக்கிரம் கடிக்கும். நாட்டு நாய்களில் சிலதுக்குப் பிறவியிலேயே வால் சுருண்டு முதுகுமேல் இருக்கும். அதுகளிடம் வாலை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். முகத்தைப் பாருங்கள்.

முகத்தில் என்ன பார்ப்பது? வாய் லேசாகத் திறந்து, நாக்கு தொங்கி, கண் மென்மையாக இருந்தால் நாய் நிம்மதியாக இருக்கிறது. வாயை டப்பென்று மூடிக்கொண்டால் கவனிக்க வேண்டும். பக்கத்தில் தீனி எதுவும் இல்லாமல் நாக்கால் மூக்கை மூக்கை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். காதைப் பின்னால் ஒட்ட வைக்கும். தலையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கும்போது கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரியும். இதெல்லாம் "எனக்குப் பிடிக்கலை, கொஞ்சம் தள்ளிப் போ" என்று மரியாதையாகச் சொல்வது. நாம் தள்ளிப் போகவில்லை என்றால் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும், உறுமும். அதற்கும் அசையவில்லை என்றால் அப்படியே கல்லாகி நின்றுவிடும். ஆட்டம், அசைவு, சத்தம் எதுவும் இருக்காது. நம்ம ஆட்கள், "பாரு, அடங்கிருச்சு" என்று சொல்லிக் கையை நீட்டுவது அந்த நேரத்தில்தான். அதற்கு அடுத்தது கடி.

அடுப்பில் பால் வைக்கிறோம். பொங்குவதற்கு முன்னால் ஓரத்தில் நுரை கட்டும், ஆடை தூக்கும், சத்தம் மாறும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற நம்ம பெண்கள் திரும்பிப் பார்க்காமலே அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நாயும் அப்படித்தான், முன்கூட்டியே தகவல் சொல்கிறது.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். வீட்டு நாய் பிள்ளையைப் பார்த்து உறுமினால் நாம் என்ன செய்கிறோம்? விளக்கமாற்றைத் தூக்குகிறோம். "பிள்ளையப் பாத்து உறுமுவியா நீ?" என்று இரண்டு போடு. அந்த அடியில் நாய் என்ன படிக்கிறது? உறுமினால் அடி விழும் என்று படிக்கிறது. பிள்ளை வாலைப் பிடித்து இழுப்பது அதற்குப் பிடித்துப் போகுமா என்ன? பிடிக்காமல்தான் இருக்கும், சொல்வதை மட்டும் நிறுத்திவிடும். அடுத்த தடவை உறுமாது, நேராகக் கடித்துவிடும். "ஒரு சத்தமும் போடல அக்கா, சொல்லாமக் கொள்ளாமக் கடிச்சிருச்சு" என்று சொல்கிற வீடுகளில் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "முன்னாடி உறுமுமா?" பெரும்பாலும் பதில், "உறுமும், அடிச்சு அடிச்சு நிப்பாட்டிட்டோம்." உறுமினால் பிள்ளையை முதலில் நகர்த்துங்கள். அப்புறம் எதற்கு உறுமியது என்று பாருங்கள். சோற்றுத் தட்டா, தூங்குகிற இடமா, காதுக்குள் சீழா, இடுப்பு வலியா? வலி இருக்கிற நாய் தொட விடாது. சிலபேர் வீட்டில் "கிறுக்குப் பிடிச்ச நாய்" என்று பேர் வாங்கியது கடைசியில் காதுப்புண்ணாக இருக்கும். கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போனால் தீர்ந்துவிடும்.

நம்ம ராஜபாளையம் நாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல வெள்ளை, ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண், நெடுநெடுவென்ற கால். பாளையக்காரர் காலத்திலிருந்து வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தது என்பார்கள். அந்த வெள்ளையும் ரோஸ் மூக்கும்தான் விலை. புள்ளி விழுந்த குட்டி பிறந்தால் கழித்துவிடுகிற பழக்கம் நெடுங்காலமாக இருந்தது. வெள்ளை, வெள்ளை என்று தேடித் தேடிச் சேர்த்ததில் ஒரு சங்கடம் கூடவே வந்துவிட்டது. தோலுக்கு நிறம் கொடுக்கிற உயிரணுக்கள் காதுக்கு உள்ளேயும் இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே உள்காது கெட்டுப்போகும். அதனால்தான் முழு வெள்ளையாகப் பிறக்கிறதில் சிலதுக்குக் காது கேட்காது. எல்லாத்துக்கும் இல்லை, சிலதுக்குத்தான். சிலதுக்கு ஒரு காது மட்டும் கேட்காது. அதைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். கூப்பிட்டால் திரும்பும், ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் முழிக்கும்.

சர்வீஸில் இருந்தபோது ஒரு வீட்டுக்கு மாட்டுக்கு ஊசி போடப் போயிருந்தேன். வாசலில் வெள்ளை நாய், கழுத்தில் சங்கிலி. வீட்டுக்கார அம்மா, "இத வண்டில ஏத்தி மலையடிவாரத்துல விட்டுட்டு வரச் சொல்லிட்டாரு. மருமகளக் கடிச்சிருச்சு. சோறு போட்டு வளத்த கையவே கடிக்குது" என்றார். மருமகள் மாசமாக இருக்கிற பெண், கையில் கட்டு. கண்ணில் தண்ணி. அந்தப் பெண்ணுக்கு நாய்மேல் பிரியம். "நான் சும்மா தொடத்தான் செஞ்சேன், தூங்கிட்டு இருந்துச்சு" என்றாள்.

மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் டபடபவென்று போனது. பக்கத்து வீட்டு நாய்கள் எல்லாம் குரைக்கின்றன. இது காதைக்கூட அசைக்கவில்லை. அது பார்க்காத பக்கமாகப் போய் ஒரு தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினேன். திரும்பவில்லை. அதே இடத்திலிருந்து தரையில் காலால் ஓங்கி மிதித்தேன், உடனே திரும்பிப் பார்த்தது. அதிர்வு தெரிகிறது, சத்தம் தெரியவில்லை. "இதுக்குக் காது கேக்காதும்மா" என்றேன். மூன்று வருசமாக வளர்க்கிறார்கள், யாருக்கும் தெரியாது. கூப்பிட்டால் வராததைத் திமிர் என்று நினைத்து அடித்திருக்கிறார்கள்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நீங்க அசந்து தூங்குறீங்க. ஒரு சத்தமும் இல்லாமல் யாரோ திடீரென்று தோளைத் தொட்டால் கையை வீசமாட்டீங்களா? நாய்க்குக் கையும் இல்லை. பல்தான் இருக்கிறது.

நான் சொன்னதெல்லாம் ரொம்ப எளிசு. முன்பக்கமாக, அது பார்க்கிற மாதிரி வாருங்கள். தூங்கினால் தொடாதீர்கள், தள்ளி நின்று தரையை மிதியுங்கள். ராத்திரியில் டார்ச் லைட்டைத் தரையில் அடித்துக் கூப்பிடுங்கள். கையைத் தாழ்த்தி விரித்தால் "வா", உள்ளங்கையைக் காட்டினால் "நில்லு" என்று தின்ன ஏதாவது கொடுத்துக் கொடுத்துப் பழக்குங்கள், ஒரு மாசத்தில் பிடித்துக்கொள்ளும். நாய் நம்ம கையைப் படிப்பதில் கெட்டிக்காரப் பிராணி. கொல்கத்தாவில் இருக்கிற ஐசர் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் தெருநாய்களை வைத்தே இதைப் பார்த்தார்கள், 2020-ல் வெளியிட்டார்கள். யாரும் பழக்காத தெருநாய், முன்பின் தெரியாத ஆள் ஒரு கிண்ணத்தைக் கைகாட்டினால், பயப்படாமல் கிட்ட வந்ததில் 100-க்கு 80 அந்தக் கிண்ணத்துக்கே போயிருக்கிறது.

அந்த வீட்டு நாயை மலையடிவாரத்தில் விடவில்லை. குழந்தை பிறந்த பிறகு கொல்லைப்பக்கம் தடுப்பு வைத்துத் தனியாக இடம் செய்து கொடுத்தார்கள். அதுவும் என் கட்டாயத்தில்தான். காது கேட்காத நாயையும் தவழுகிற பிள்ளையையும் ஒரே இடத்தில் ஆள் பார்க்காமல் விடக்கூடாது. மருமகள் கடிபட்ட அன்றைக்கே ஊசி போடவில்லை என்று கேட்டதும் நானே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மாசமாக இருக்கிறவர்களுக்கும் அந்த ஊசியைத் தாராளமாகப் போடலாம். பலபேர் பயந்துகொண்டு போடாமல் விடுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

குழுவில் குட்டி வளர்த்து விற்கிற அக்காமார் இங்கே இருக்கிறீர்கள். காது கேட்காத நாயை இனவிருத்திக்கு விடாதீர்கள். குட்டி ஆறு வாரம் ஆனதும் ஒவ்வொன்றாகத் தனியாக வைத்துப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். கூட்டமாக இருக்கும்போது பார்த்தால் தெரியாது. மற்ற குட்டி திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பும். வாங்குகிறவர்களிடம் உள்ளதைச் சொல்லிக் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையும், குறையட்டும்.

இனி தெருநாய். மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகள்தான் ரொம்பப் பயப்படுகிறார்கள். இருட்டில் நாலைந்து நாய் சேர்ந்து குரைத்துக்கொண்டு வந்தால் யாருக்கும் ஈரக்குலை நடுங்கத்தான் செய்யும். ஓடாதீர்கள். ஓடுகிறதை விரட்டுவது நாயின் ரத்தத்தில் ஊறியது. நின்றுவிடுங்கள். கண்ணுக்கு நேராக முறைக்க வேண்டாம், நாய் அதைச் சண்டைக்குக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ளும். சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, சாப்பாட்டுப் பையையோ குடையையோ உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். முதுகைக் காட்ட வேண்டாம். கல்லெடுக்கக் குனிவது ஒரு நாயிடம் பலிக்கும், கூட்டத்திடம் வேலைக்கு ஆகாது. டூவீலரில் போகும்போது துரத்தினால் முறுக்காதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். முக்கால்வாசி நாய் அதோடு சப்பென்று நின்றுவிடும். நாய் கடித்து விழுந்தவர்களைவிட நாய்க்குப் பயந்து முறுக்கி விழுந்தவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை நாய்கள் சேர்ந்து சுற்றுகிற காலம். நாய்க்குச் சினை 63 நாள். கணக்குப் போட்டால் கார்த்திகை, மார்கழி, தை மாசங்களில்தான் தெருவில் குட்டி நிறையக் கிடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவதும் தாய்நாய் கடிப்பதும் அப்போதுதான். குட்டி கிடக்கிற குழாயடிப் பக்கம், ஓடைப்பாலத்துப் பக்கம் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். புரட்டாசி சனிக்கிழமை நம்ம மலைக்கு வருகிற கூட்டத்தில் இன்னொரு கூத்து நடக்கும். பொட்டலத்தில் மிச்சமிருக்கிற சோற்றை நடக்கிற வழியிலேயே நாய்க்குக் கொட்டுவார்கள். நாலு நாய் அதற்கு அடித்துக்கொள்ளும், நடுவில் சின்னப் பிள்ளை நிற்கும். சோறு போடுவது புண்ணியம்தான். ஆள் நடமாட்டம் இல்லாத ஓரமாகப் போடுங்கள். சில தெருநாய்க்குக் காது நுனி ஒரு வெட்டு வெட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அது சண்டையில் கடித்ததில்லை. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே திரும்ப விட்டதற்கு அடையாளம். உங்கள் தெருவில் எத்தனை நாய்க்கு அந்த வெட்டு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, இல்லாததுக்குச் செய்யச் சொல்லி ஊராட்சியிலோ நகராட்சியிலோ மனுக் கொடுக்கலாம். குழுவின் லெட்டர்பேடில் கொடுத்தால் மதிப்பு கூட.

பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான். தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய், கட்டிப் போட்ட நாய், இந்த நாலையும் தொடக்கூடாது. பிரியமான நாயாக இருந்தாலும் கட்டிப்பிடிக்கக் கூடாது, முகத்தோடு முகம் வைக்கக் கூடாது. நமக்குக் கட்டிப்பிடிப்பது பாசம், நாய்க்கு அது கிடுக்கிப்பிடி. பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருப்பதால்தான் பிள்ளைகளுக்கு முகத்தில் கடி விழுகிறது. தொட ஆசையாக இருந்தால் நாய்க்காரரிடம் கேட்க வேண்டும், அப்புறம் நாயிடமும் கேட்க வேண்டும். சிரிக்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, கையைத் தொங்கவிட்டு, அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும். உச்சந்தலையில் கை வைக்காமல் கழுத்தோரம், நெஞ்சுப் பக்கம் மூன்று எண்ணுகிற நேரம் தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் வேண்டும் என்றால் நாயே ஒட்டிக்கொண்டு வரும். வேண்டாம் என்றால் நகர்ந்துவிடும். துரத்துகிற நாய்க்கு முன்னால் மரம் மாதிரி நிற்கச் சொல்லுங்கள். விழுந்துவிட்டால் ஆமை மாதிரி சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் விளையாட்டாக ஒருநாள் செய்து பழக்குங்கள், அவசரத்துக்கு அதுதான் வரும்.

இவ்வளவுக்கும் பிறகு கடித்துவிட்டால்? மஞ்சள் வேண்டாம், மிளகாய்ப்பொடி வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், காப்பித்தூளும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, முழுசாக 15 நிமிசம் புண்ணைக் கழுவுங்கள். வெறிநோய்க் கிருமியைச் சோப்பு கொல்லும். கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி. ஊசி இலவசம்தான். ஊசி போட ஆரம்பித்த நாளைச் சேர்க்காமல் 3, 7, 28-ஆம் நாள்களில் திரும்பப் போக வேண்டும். ரத்தம் வந்த கடி என்றால் புண்ணிலேயே போடுகிற மருந்து ஒன்று தனியாக இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். கறி, மீன் சாப்பிடக்கூடாது என்ற பத்தியமெல்லாம் கிடையாது. பெரியவர்கள் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயமுறுத்துவார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. 2004 முடிவோடு அதை நம் நாட்டில் நிறுத்தியாகிவிட்டது. இப்போது போடுவது கையில்தான்.

பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்: நாய் கடித்தாலோ பிராண்டினாலோ வீட்டில் திட்டமாட்டோம், வந்து சொல்லிவிடு. வெறிநாய் என்று சந்தேகப்படுகிற பிராணி கடித்தவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடிக்குப் பயந்து மறைத்த பிள்ளைகளை இழந்த தாய்மார்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நோய் வெளியே தெரிந்த பிறகு டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்கு மனசு வரவில்லை.

பேச வருவதற்கு முன்னால் ஒரு தங்கச்சி துண்டுச்சீட்டு கொடுத்தாங்க. பேர் போடவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். "எங்க வீட்டு நாய் எல்லார்கிட்டயும் நல்லா இருக்கு, எங்க மாமியாரப் பாத்தா மட்டும் உறுமுது, ஏன்?" என்று எழுதியிருக்கு. பின்னால் கொள்ளைச் சிரிப்பு கேட்கிறது, கொஞ்சம் அமைதி. மாமியார் வரும்போது கையில் விளக்கமாறு இருக்கிறதா என்று முதலில் பாருங்க. இருந்தால் அதைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வரச் சொல்லுங்க. தினம் சாயங்காலம் பத்து நிமிசம், நாயைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பித் திண்ணையில் உட்காரட்டும். கூப்பிட வேண்டாம், தொட வேண்டாம். இட்லி ஒரு துண்டைத் தள்ளிப் போட்டால் போதும். நாளாக நாளாகத் துண்டைக் கொஞ்சம் கிட்டப் போடட்டும். அடுத்த மாசக் கூட்டத்துக்கு நான் வருவேன். மாமியாரையும் கூட்டிட்டு வாங்க, என்ன ஆச்சுன்னு அவங்களே சொல்லட்டும்.